உட்கார இடம்

நகரத்துத் திடலை ஆளுயரத்துக்குத் தோண்டிப் பள்ளமாக்கியதிலிருந்து அங்கே நின்ற கால்பந்து கோல் கம்பத்துக்கு ஒரே எரிச்சல். "நல்லா இருந்த இடத்தைக் குழியாக்கிட்டாங்களே!" என்று ஓயாமல் புலம்பியது.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருவில் புரண்டு வந்த வெள்ளம், திடலின் படிகளில் தடதடவென்று இறங்கியது.

"ஊரையே முழுங்க வந்தியா?" என்று கத்தியது கம்பம்.

"உட்கார இடம் இல்லாமத்தான் வருஷா வருஷம் வீடு வீடா நுழைஞ்சேன்," என்றது வெள்ளம். "இப்பதான் எனக்குன்னு ஓர் இடம் விட்டிருக்காங்க."

கம்பம் எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு வாசற்படியில் கழற்றிப்போட்ட செருப்புகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஏரியே எழுந்து வந்ததுபோன்ற அத்தனை தண்ணீரும் திடலுக்குள் பெட்டிப்பாம்பாய் அடங்கியிருந்தது.

கழுத்துவரை நனைந்தபின் கம்பம் மெல்லச் சொன்னது: "நல்லா சாஞ்சு உட்காருங்க."