தோட்டத்துக் கீரை

யாரும் பார்க்கவில்லை என்பது உறுதியான பிறகுதான், பின்சந்து முனையில் குப்பைத்தொட்டியை ஒட்டிய திட்டின் மேல் அவள் பொட்டலத்தை வைத்தாள். ஏழு மாதமாகச் செய்கிற காரியம்தான். இன்னும் பயம் தெளியவில்லை.

தொட்டிக்குள்ளேயே வீசிவிடலாம். கை வருவதில்லை. ஈரக் காகிதத்தில் பொதிந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் மெல்ல வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள்.

உள்ளே இருப்பது களை. கணவரின் பாஷையில் கீரை.

கணவர் முப்பது வருஷம் கடை கடையாகத் தராசும் எடைக்கல்லும் சோதித்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வாசலில் இருந்த ஆறு ரோஜாச் செடிகளையும் வேரோடு பிடுங்கினார். "களை! தரைக்கீரைக்குப் போற சத்தையெல்லாம் இதுங்க திருடித் தின்னுது" என்றார். பிறகு ஊர் உலகம் பிடுங்கி எறிகிற கோழிக்கீரைக்கும் குப்பைக்கீரைக்கும் மூக்கிரட்டைக்கும் பாத்தி கட்டி, எரு போட்டு, பூவாளியால் நீர் தெளித்தார்.

அவளும் ஆசையாகத்தான் சமைக்க இருந்தாள். முதல் அறுவடை அன்று காலை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது, பக்கத்து வீட்டு நாய் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, நாய் அசிங்கம் பண்ணுது."

"அசிங்கமா? அது ஓசி உரம்டி!"

அன்றிலிருந்து அவர் பறித்துக் கொடுப்பதெல்லாம் பின்வாசல் வழியே வெளியேறியது. அதே ரகக் கீரையைத் தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரியிடம் வாங்கிச் சமைத்தாள். இலை ஒன்றுதான். ஆனால் முறையாக வளர்ந்த கீரையின் சுத்தம் கையில் எடுத்தாலே தெரியாதா என்ன?

நாற்பது வருஷம் அவள் சமைத்ததை அவர் நிறுத்துப் பார்ப்பவர்போல் வாய் திறக்காமல் சாப்பிட்டவர். இப்போது முதல் கவளத்திலேயே கண்ணை மூடி, "என்னா ருசி! என் பாத்தி!" என்கிறார். புகழ்ச்சி பாத்திக்குத்தான். அதில் ஒரு துளி தன் கைக்கும் சேரும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதை இழக்க மனம் வரவில்லை.

நடுவில் காய்ச்சலில் அவர் படுத்திருந்த நாலு நாள்தான் நிம்மதி. ஒளிக்க ஒன்றுமில்லை. வண்டிக்காரிகூட "அந்தக் கீரை இல்லைக்கா" என்று கையை விரித்தாள். கஞ்சி குடிக்கிறவருக்குக் கீரை எதற்கு என்று இவளும் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. சாயங்காலம் குடியிருப்போர் சங்கத்தில் அவர் பேசப்போகிறார். அவள் பின்கதவைச் சாத்தும்போது கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"நண்பர்களே! என் ரத்த அழுத்தம் மாத்திரையால குறையல. என் பாத்தியால குறைஞ்சது!"

பத்து கிராம் குறைந்ததற்காகச் சொந்த மச்சான் கடைக்கே சீல் வைத்த மனுஷன். அவரைப் பொய்யராக்கி அறுபது பேர் முன்னால் நிறுத்துவதா?

"என்னங்க... நீங்க இத்தனை நாளா சாப்பிட்டது உங்க கீரை இல்ல."

நாய், பொட்டலம், வண்டி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு மாசமா?"

"ஏழு மாசமா."

"அப்ப என் ரத்த அழுத்தம்?"

"அது வண்டிக்காரி கீரையால குறைஞ்சது."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் பேச்சுத் தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், மேற்கொண்டு மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

தெருவில் "கீரை, கீரையோய்!" என்று குரல் கேட்டது. அவர் செருப்புகூடப் போடாமல் இறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

வண்டியிலிருந்து அதே ரகக் கீரைக்கட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இதைக் காட்டியா என்னை ஏமாத்தின? தண்டைப் பாரு, நோஞ்சான்! என் கீரையோட கால் தூசிக்கு ஆகுமா இது?"

ஏழு மாத பயம் தெளிந்ததில் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சும்மா இருங்க. மோந்து பாருங்க. வளர்க்கத் தெரிஞ்சவங்க வளர்த்த தோட்டத்துக் கீரை. நாய் வாடை அடிக்குதா?"

மோந்தார். "என் கீரைக்குன்னு ஒரு மணம் உண்டு. இதுல அது மருந்துக்குக்கூட இல்ல."

"உங்களுக்கு மூக்கே இல்ல!"

"உனக்கு நாக்கே இல்ல!"

வண்டிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கீரைக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏம்மா, எந்தத் தோட்டத்துச் சரக்கு இது? அந்த ஆளை நான் பார்த்தே ஆகணும்."

வண்டிக்காரி தயங்கினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். மத்ததெல்லாம் மார்க்கெட்டுல எடுக்கறதுதான். இதை மட்டும் உங்க பின்சந்து முனையில தினமும் யாரோ ஒரு மகராசி ஈரப் பேப்பர்ல சுத்தி வெச்சிட்டுப் போறாங்க."