எதிர்த்துப் பேசும் சீட்டு

"சார், இந்த கிளாஸ்ல உங்களைத் தவிர யாருமே பேசல."

வருஷம் முழுக்க வாயே திறக்காத மாணவி, முதல்வர் மேடம் பார்த்துக்கொண்டிருந்த ஆன்லைன் வகுப்பில் இப்படிப் போட்டு உடைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. மனசுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. ஆன்லைன் கலந்துரையாடல் என்றாலே என் மாணவர்கள் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு வேலை வைத்தேன். ஒருவர் நடத்த வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் என்னையும் சேர்த்து எல்லாரையும் எதிர்த்துப் பேச. யாருக்கு எது என்று அவர்களே சீட்டுக் குலுக்கிக்கொள்வார்கள். எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

"பேச்சை வெச்சே யாருக்கு எதுன்னு சொல்லிடுவேன் மேடம்" என்று வேறு அளந்திருந்தேன். வாய் விஷயத்தில் நானும் தவளையும் ஒன்று. மேடத்துக்கு இந்த முறை பிடித்தால்தான் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

"இருபது நிமிஷத்துல பதினேழு நிமிஷம் நீங்கதான் சார்." மாணவி நோட்டைப் பார்த்துப் படித்தாள். "நாங்க வாயெடுத்த ஆறு தடவையும் 'அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்'னு நடுவுல புகுந்துட்டீங்க."

"அதைத்தான் நானும்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேடத்தின் முகம் இறுகியது. "என்ன சார் இதெல்லாம்?"

"எதிர்த்துப் பேசற வேலை மேடம். இவளுக்கு விழுந்திருக்கு. ஊமை மாதிரி இருந்த பொண்ணு, என்னமா நடிக்கறா பாருங்க."

மேடம் சிரித்துவிட்டார். "நான் நிஜம்னே நம்பிட்டேன். நல்ல முறைதான் சார். உங்க ஃபைல்ல இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாணவி ஏதோ சொல்ல வந்தாள்.

"போதும்மா, உனக்குப் பத்துக்குப் பத்து" என்று அவளை அடக்கிவிட்டு, என் முறையின் அருமையை மேடத்துக்கு இன்னும் நாலு நிமிஷம் விளக்கினேன்.

அப்போது திரையில் புதிதாக ஒரு மாணவனின் முகம் முளைத்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"சாரி சார், கரண்ட் போயிடுச்சு. எதிர்த்துப் பேசற சீட்டு எனக்குத்தான் விழுந்துச்சு, இப்ப ஆரம்பிக்கட்டுமா?"