பச்சைக் கட்டம் போட்ட போர்வை

டிவியில் மறுபடியும் சிரித்தார்கள்.

ஆள் இல்லாத சிரிப்பு. டப்பாவில் அடைத்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடுகிற சிரிப்பு.

ஞாயிறு மதிய நகைச்சுவைத் தொடர். குண்டான பெண் போலீஸ் ஒருத்தி திருடனைத் துரத்துகிறாள். பஜ்ஜிக் கடையைக் கண்டதும் நின்றுவிடுகிறாள். போன வாரம் வடை. இதை எழுத மூன்று பேராம். பெயர் வேறு போடுகிறார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த அவளோ முப்பத்தோரு வருடம் காக்கியில் நின்றவள். தேர் பந்தோபஸ்தில் விடியற்காலை முதல் ஒதுங்க ஓர் இடமில்லாமல், அதற்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருக்கிறாள்.

பஜ்ஜியாம் பஜ்ஜி.

"தமாசுக்குத்தானே காட்டுறான்," என்றார் கணவர்.

பதில் சொன்னால் சண்டை வரும். ரிமோட்டைப் பிடுங்கிச் சேனலை மாற்றினாள்.

அங்கே குற்றத் தொடர். வெள்ளிக்கிழமை வந்ததன் மறுஒளிபரப்பு. 'உண்மைச் சம்பவம்' என்று சிவப்பு எழுத்து.

கரும்புத் தோட்டம். வாய்க்கால். கரையில் கைபேசியும் கையுமாகக் கூட்டம். தண்ணீர் ஓரத்தில் ஒரு சிறுமியின் பாதம்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

பெயரை மாற்றியிருந்தார்கள். ஊரை மாற்றியிருந்தார்கள். காலில் கிடந்த ஒற்றைக் கொலுசை மட்டும் மாற்றவில்லை.

நிவேதா. ஒன்பது வயது.

ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கினார். அந்த வெயிலிலும் சட்டை கசங்கவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளைப் போர்வை ஒன்றை எடுத்துவந்து பிள்ளையின் மேல் போர்த்தினார். வயலின் அழுதது.

அது முடிந்ததும் நிஜ அதிகாரியே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அன்றைய டி.எஸ்.பி. ரிட்டயராகித் தலை நரைத்திருந்தது.

"சட்டம் ஆயிரம் சொல்லலாம். நானும் ரெண்டு பொண்ணுக்கு அப்பன். என் போர்வைய எடுத்து மூடிட்டேன்," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படுபாவி.

அவர் அன்று வந்து சேரும்போது மணி பதினொன்று.

அவள் ஏழு மணிக்கே அங்கே இருந்தாள். திருவிழா பந்தோபஸ்து முடிந்து, தோளில் பையோடு நேராக வந்தவள். கரையில் நாற்பது கைபேசிகள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் வந்தார்கள். ஒருவன் குனிந்து, கிட்டத்தில் எடுத்தான்.

பையைத் திறந்தாள். பச்சைக் கட்டம் போட்ட போர்வை. பந்தோபஸ்து நாட்களில் கல்யாண மண்டபத்தில் ஐம்பது பெண் போலீசார் ஒன்றாகப் படுக்கும்போது மாறிவிடாமலிருக்க, மூலையில் சிவப்பு நூலால் தன் எண்ணைத் தைத்திருந்தாள்.

உதறினாள். மூடினாள்.

சடலத்தின் மேல் எதையும் போடக்கூடாது, தடயம் கெட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? பயிற்சியில் முதல் பாடமே அதுதான். தெரிந்துதான் மூடினாள்.

நாலாம் நாள் மெமோ வந்தது. எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போனது. ஏட்டாகவே இருந்து, ஏட்டாகவே ஓய்வு பெற்றாள்.

அதுகூடப் பரவாயில்லை.

பிள்ளையைக் கொன்றதாகப் பிடிபட்டவனை மூன்றாம் வருடம் விடுதலை செய்தார்கள். நீதிமன்ற வராண்டாவில், எல்லோர் முன்னாலும், டி.எஸ்.பி. சொன்னார்.

"உன் போர்வைதாம்மா அவனக் காப்பாத்துச்சு."

அவன் வீட்டைச் சோதனை போட ஒன்பது நாள் எடுத்துக்கொண்ட மனிதர் சொன்னார்.

தூணோரமாகச் செங்கமலமும் நின்றிருந்தாள். நிவேதாவின் அம்மா. அவளும் கேட்டாள். அதற்குப் பிறகு செங்கமலத்தின் முகத்தைப் பார்க்க இவளுக்குத் தைரியம் வரவில்லை. எட்டு வருடம் ஆயிற்று.

எட்டு வருடமாக, ஒரு கொலைகாரனை வெளியே விட்டவள் என்றே தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறார். தப்பாக இருந்தவரை அவளுடைய போர்வை. புண்ணியமாக ஆனதும் அவருடையதா?

"திருட்டுப் பயலே!"

கத்தியது தான்தான் என்று கணவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் டிவியை அணைத்தார்.

கைபேசி அடித்தது.

செங்கமலம்.

அடிக்கவிட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"டிவி பாத்தீங்களா ஏட்டம்மா?"

"ம்."

"வெள்ளப் போர்வையாம். எம்புள்ள மேல கெடந்தது பச்சக் கட்டம் போட்டது. மூலையில செவப்பு நூலுல உங்க நம்பரு. பதினொண்ணு நாப்பத்தேழு. அத நான் மறப்பேனா?"

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்தாளு ஒம்போது நாளு சும்மா கெடந்தாரு. இப்ப வந்து எம்புள்ளய வச்சுப் பேரு வாங்குறாரா? வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன். அவரு மேல கேசு போட நேத்து வக்கீலப் பாத்துட்டு வந்தேன். அது உங்க போர்வைன்னு எழுத்துல எதுனாச்சும் இருக்கான்னு கேக்குறாரு."

பீரோவின் அடித்தட்டு. பழைய காக்கிச் சேலையின் மடிப்புக்குள், கணவருக்குக்கூடக் காட்டாமல் ஒளித்து வைத்த ஒரு தாள். கிழித்துப் போடலாம் என்று எத்தனையோ முறை கையில் எடுத்துவிட்டு, மடித்துத் திரும்ப வைத்தது.

கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை விரித்தாள்.

'பெண் தலைமைக் காவலர் 1147, தமக்குச் சொந்தமான பச்சைக் கட்டமிட்ட போர்வையால் சடலத்தை மூடியது கடும் ஒழுங்கீனம்.'

கீழே டி.எஸ்.பி.யின் கையெழுத்து. பச்சை மை கொஞ்சமும் மங்கவில்லை.

"இருக்கு செங்கமலம்," என்றாள்.