சிங்கிள் ஓனர்

ரேஸ் டிராக்கில் ஓட்டப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி வந்த பல் டாக்டரம்மாவை, விற்பவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“சிங்கிள் ஓனர் மேடம். பொண்டாட்டிகிட்டகூட சாவியக் குடுத்ததில்ல.”

“வேற யாருமே ஓட்டினதில்லையா?”

“சத்தியமா!”

இந்த மாடல் எங்கே விலைக்கு வந்தாலும் மாதக்கணக்காகப் போய்ப் பார்த்து வருகிறவர், இன்றும் பொறுமையாக வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கம் குனிந்தார்.

“இடது ஹெட்லைட் மட்டும் புதுசா இருக்கே?”

“அதுவா? போன மழையில ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு நாய் குறுக்க வந்துடுச்சு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல மேடம்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். மெக்கானிக் என்று சொல்லி அழைத்து வந்திருந்தவரிடம், “கேட்டுக்கிட்டீங்களா இன்ஸ்பெக்டர்?” என்றார்.

பிறகு விற்பவரிடம் திரும்பினார்.

“அது நாய் இல்லடா. நீ அடிச்சுப் போட்டுட்டு ஓடினது என் தங்கச்சிய.”