பென்சிலில் வந்த மொட்டைக் கடுதாசி

துணை ஆசிரியர் நீட்டிய தேநீரை வாங்கும்போதுதான் பொறியாளரம்மா அதைக் கவனித்தாள். அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் பென்சில் கரி.

"பென்சில்லதான் எழுதுவீங்களா சார்?"

"பிழை திருத்தும்போது மட்டும் மேடம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. அவளுடைய மேஜை இழுப்பறையில் நான்கு மொட்டைக் கடுதாசிகள் இருந்தன. நான்கும் பென்சிலில் எழுதியவை.

நெடுஞ்சாலைத் துறையின் மண் பொறியியல் மாத இதழுக்கு அவள் பொறுப்பேற்று ஐந்து மாதம்தான் ஆகிறது. எந்த மண்ணில் எப்படிச் சாலை போடுவது, எங்கே சரிவு இறங்கியது, எந்தப் பாலத்தை ஒட்டி மண் அமுங்கியது என்று அதில் வருவதை நம்பித்தான் களத்தில் இருப்பவர்கள் வேலை செய்வார்கள்.

முதல் இதழ் வந்த வாரமே முதல் கடிதமும் வந்துவிட்டது. 'ஏழாம் பக்கத்தில் கரையின் சரிவு அளவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். இதை நம்பிக் கட்டினால், முதல் மழைக்கே சாலை கீழ்வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.' அவள் பெயருக்கு மட்டும் வந்திருந்தது. கீழே கையெழுத்து இல்லை.

பதறிப்போய் இதழைப் புரட்டினாள். சொன்னது சரிதான். அன்றைக்கே எல்லா அலுவலகங்களுக்கும் திருத்தம் அனுப்பினாள். அதன்பிறகு மாதம் தவறாமல் ஒரு கடிதம், ஒரு பிழை.

இன்றைக்கு எனக்கு எழுதுகிறவர் நாளைக்குத் தலைமைப் பொறியாளருக்கு எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு உறுத்தியது. பதினோரு வருஷமாகத் துணையாகவே காலம் தள்ளுகிறவர் துணை ஆசிரியர். இந்த நாற்காலியின் மேல் வேறு யாருக்குக் கண் இருக்கும்?

ஒருநாள் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈர மண்ணோட புழங்கின யாரோ மேடம். சோதனைக்கு வர்ற மண் பையில கட்டுற சீட்டுல பேனாவால எழுதினா மை கரைஞ்சிடும். அதான் பென்சில் பழக்கம்."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பலே ஆள், என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் புது இதழின் மூன்று படிகளைப் பரப்பி வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு தவறு. துணை ஆசிரியருக்கு ஒன்று, பக்கம் அமைக்கிற பெண்ணுக்கு ஒன்று, அச்சகக்காரருக்கு ஒன்று. கடிதத்தில் எந்தத் தவறு வருகிறதோ, அந்த ஆள்தான் எழுதுகிறவர். அச்சேறுவதற்குள் மூன்றையும் திருத்திக்கொள்ளலாம்.

எதிரில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை குடுவை கழுவியவள் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். அதற்குமேல் மருமகள் கேட்டதில்லை.

"லீவு நாள்லயும் வேலையாம்மா?"

"ஒரு எலியைப் பிடிக்கணும் அத்தை. பொறி வைக்கிறேன்."

"சிக்கினா எனக்கும் காட்டு" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்களன்று மூன்று படிகளும் மூன்று கைகளுக்குப் போயின. வியாழனன்று கடிதம் வந்தது.

'மண்ணை நூற்றைம்பது டிகிரியில் உலர்த்தச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் இலையும் வேரும் கருகிவிடும், ஈரக் கணக்கு பொய்யாகிவிடும்.' துணை ஆசிரியருக்குக் கொடுத்த படி! மாட்டிக்கிட்டாரு என்று அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வரியில் பக்கம் அமைக்கிற பெண்ணுக்குக் கொடுத்த தவறு இருந்தது. அதற்கடுத்த வரியில் அச்சகக்காரருடையது.

மூன்று பேருமே கூட்டு! தன்னைச் சுற்றி ஒரு கும்பலே குழி பறித்துக்கொண்டிருக்கிறது, தான் அதன் நடுவில் உட்கார்ந்து தினமும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை, தலைமைப் பொறியாளருக்கு எழுதிய மூன்று பக்கப் புகாரை மாமியாருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"இதைக் கொடுத்தா அவங்களுக்கு என்ன ஆகும்?" என்று மாமியார் கேட்டாள்.

"அச்சகக்காரருக்கு இனிமே நம்ம வேலை கிடையாது. மத்த ரெண்டு பேரையும் ஆளுக்கொரு மூலைக்குத் தூக்கி அடிப்பாங்க."

"பக்கம் அமைக்கிற பொண்ணு கைக்குழந்தைக்காரின்னு சொன்னியே."

"முதுகுல குத்துறவங்களுக்கெல்லாம் பாவம் பார்க்க முடியுமா அத்தை?"

மாமியார் அடுப்பை அணைத்தாள். "அவங்க மூணு பேரும் ஒருத்தர் படியை ஒருத்தர் பார்த்ததை நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா? மூணு படியும் ஒண்ணா இருந்தது இந்த மேஜை மேல மட்டும்தான். இங்கேருந்து போனப்புறம் அவங்க கூடிப் பேசாம எப்படித் தெரியும்?"

மாமியார் கையைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

பொறியாளரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டாள். "பிழை இருந்தா என் முகத்துக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே அத்தை? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? எதுக்கு இப்படி மொட்டைக் கடுதாசி?"

"நேர்ல சொன்னா, மாமியார் குத்தம் கண்டுபிடிக்கிறாங்கன்னு சொல்லுவியேம்மா!"