அங்கி இல்லாத ஞாயிறு

“வேஷம் பிரமாதம்!” என்று கடைசி வரிசையிலிருந்து டிரைவர் கத்தினான். சிறைக்கூடத்தில் சிரிப்பு வெடித்தது.

ஞாயிறுதோறும் மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில் வந்து பிரசங்கம் செய்யும் போதகர், இன்று கைதிகளின் அரைக்கைச் சட்டையிலும் தொளதொள கால்சட்டையிலும் நின்றிருந்தார். நெஞ்சில் எண்கூடத் தைத்திருந்தது.

“அளவெடுத்துத் தைக்கக் கூடாதா பாஸ்டர்? தோள் தொங்குது!” என்றான் முன்வரிசை மொட்டை.

“கடவுள் மேலேயிருந்து கையசைச்சிட்டுப் போகலை. இறங்கி வந்து நம்ம அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டார்” என்று போதகர் ஆரம்பித்தார். குரல் ஏறவில்லை. மணி பார்க்கக் கையைத் தூக்கியவர், வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

“சாயங்காலம் கழட்டிடுவீங்கல்ல? அதையும் சேர்த்துச் சொல்லுங்க!” டிரைவர் எழுந்து நடந்து வந்தான்.

யாரும் தடுக்கவில்லை. கார் மோதி ஒரு தபால்காரர் இறந்த வழக்கில் அவனுக்கு ஏழு வருடம், மூன்று முடிந்திருந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் இதே போதகரிடம்தான் வேலை. நல்ல வக்கீல் வைத்துக் கொடுக்கவில்லை என்று பழைய முதலாளிமேல் கோபம் என மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை.

“உங்க அங்கியை இஸ்திரி போட்டு, கசங்காம பின்சீட்டுல மாட்டிக் கொண்டு வந்தவன் நான். அதுல ஒரு சொட்டுக் காப்பி பட்டாக்கூட அன்னைக்குப் பூரா என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டீங்க. தாழ்மையைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்கறீங்களா?”

“இல்லப்பா. எனக்கு அந்தத் தகுதி கிடையாது.”

“என் பொண்ணு என்னைப் பார்க்க வர்றதையே நிறுத்திட்டா. ஸ்கூல்ல கொலைகாரன் மகள்னு கூப்பிடறாங்களாம். ஒருநாள் இந்தச் சட்டையைப் போட்டுட்டா அந்த வலி தெரிஞ்சிடுமா?”

காலரைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான். மேல் பொத்தான் தெறித்துப் பெஞ்சுக்கடியில் உருண்டது.

போதகர் கையைத் தட்டிவிடவில்லை. மூன்று வருடமாகக் கடைசி வரிசைப் பக்கமே திரும்பாமல் பிரசங்கம் செய்தவர், இன்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் நிரம்பி வழிந்தன.

“பாருடா, கண்ணீர்கூட வருது!” என்று மொட்டை கைதட்டினான்.

வார்டர் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார். “டேய், கையை எடுடா!”

“முதல்ல இந்த ஆளை வெளியே அனுப்புங்க சார். கூத்து முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் உடுப்பை மாத்தட்டும்.”

வார்டர் அவனுடைய விரல்களைக் காலரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“அவர் எங்கேயும் போகலை. அன்னைக்குக் காரை ஓட்டினது தான்தான்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டார். தண்டனையாகி நேத்துலேர்ந்து நாலாம் பிளாக்லதான் இருக்கார்.”

மொட்டையின் கை பாதியில் நின்றது. வார்டர் காகிதத்தை டிரைவரின் கையில் திணித்தார்.

“வீட்டுக்குப் போறது நீதான்.”