கதவுக்கு அடியில் ஒரு விரல்

"ஆறு வயசாச்சு, இன்னும் கக்கூஸ் போக அழுகையா? உன் வயசுல நான் இருட்டுல தனியா போயிட்டு வருவேன், தெரியுமா?"

அப்பா கழிப்பறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். அவர் போடும் சத்தத்துக்கே பாதி நெருப்பு அணைந்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

சிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டால் வரும் சத்தம் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குப் பயம். அதனால் நாள் கணக்கில் அடக்கிக்கொள்வாள். வயிறு கல்லு மாதிரி ஆகி, நேற்று டாக்டர் வரைக்கும் போயாகிவிட்டது. இப்படியே விட்டால் ஆபத்து, ஆனால் திட்டாமல் பழக்குங்கள் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பாதி மட்டும்தான் அப்பாவின் காதில் ஏறியிருந்தது.

அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய அவருடைய அக்கா, பையைக் கீழே வைத்தாள்.

"புள்ளைய ஏன்டா விரட்டுற? இங்க வா கண்ணு. அத்தையும் உன்னை மாதிரிதான்."

"நெசமாவா?"

"எங்க பழைய வீட்டுல கக்கூஸ் கொல்லையில இருந்துச்சு. தலைக்கு மேல இரும்புத் தொட்டி. சங்கிலியை இழுத்தா கடகடன்னு இடி விழும். எனக்கு உயிரே போயிடும்."

"அப்புறம்?"

"உங்கப்பாதான் துணைக்கு வருவான். வெளிய நின்னுக்கிட்டு, கதவுக்கு அடியில கால் கட்டைவிரலை நீட்டி ஆட்டிக்கிட்டே இருப்பான். அதைப் பாத்துக்கிட்டே இருந்தா பயமே தெரியாது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கொல்லையின் ஈரச் செங்கலும், துருப்பிடித்த தொட்டியும், அழுது வடியும் அந்த பல்பும் அவர் கண்முன்னே வந்து நின்றன.

"எனக்கும் விரல் காட்டுவியாப்பா?"

"காட்டுறேன். போ."

கதவு சாத்திக்கொண்டது. அப்பா கட்டைவிரலை இடுக்கில் நுழைத்தார்.

"ஆட்டுப்பா."

ஆட்டினார். எரிகிற கட்டடத்துக்கு முன்னால் அசராத மனுஷன், கால் மரத்துப்போகும்வரை ஆட்டிக்கொண்டே நின்றார்.

கடைசியில் தண்ணீர் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் வரவில்லை. கதவு மெல்ல, மிக மெல்லத் திறந்தது.

"போயிட்டேன்பா. கதவு உன் விரல்ல இடிச்சிடும்னு மெதுவாத் திறந்தேன்."

"நல்ல புள்ள" என்றாள் அத்தை.

அப்பா அக்காவின் காலைப் பார்த்தார். சங்கிலிச் சத்தத்துக்குப் பயந்து, கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்த தம்பியால் அன்று பிளந்த கட்டைவிரல் நகம், இன்றுவரை நேராக வளரவே இல்லை.